ஏப்ரல் ஒன்பதில் நின்ற கடிகாரம்

மார்ச் 11, செவ்வாய்

இன்று என் பித்தான் கடைக்குப் போகவில்லை. பேத்தி பார்த்துக்கொண்டாள். நான் ஒரு கைக்கடிகாரம் பார்க்கப் போனேன். பார்த்தேன், வாங்கினேன், வந்துவிட்டேன்.

நிரந்தரக் காலண்டர் கடிகாரம். மாதத்துக்கு முப்பது நாளா முப்பத்தொன்றா, பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுதலா, எல்லாம் அதற்கே தெரியும். நாம் சாவி கொடுத்தால் போதும். இந்த வகையில் என்னிடம் நாலைந்து உண்டு. ஆனால் இவ்வளவு பழையது, முகப்பில் யாரும் கைவைக்காதது, நான் பார்த்ததே இல்லை. படித்தவர்கள் ஏலம் ஏலமாகத் தேடுகிறார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற நான் ஒரு மாடிவீட்டுச் சமையலறை மேசையில் கண்டெடுத்தேன்!

விற்றவள் கணவனை இழந்தவள். "ஓடாதுக்கா. தேதியும் தப்பு. கடைத்தெருவுல காமிச்சேன், உள்ள சக்கரத்துப் பல்லு போயிடுச்சுன்னுட்டான். உதிரி சாமானுக்காவது ஆகும், எடுத்துக்கங்க" என்றாள். கேட்டதைக் கொடுத்தேன். பேரம்கூடப் பேசவில்லை.

பேரம் பேசவில்லை என்று எதற்கு எழுதுகிறேன்?

மார்ச் 12

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

கடிகாரம் புதன், ஏப்ரல் ஒன்பது என்று காட்டியபடி நின்றிருந்தது. அவள் வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்கியது. கண் தானாக அங்கே போயிற்று. ஏப்ரல் ஒன்பது புதன்தான். கிழமை, தேதி, மாதம் மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் உள்ளே எதுவும் உடையவில்லை. யாரோ ஓரத்துப் பொத்தானை அளவுக்கு மீறி அழுத்தியிருக்கிறார்கள். ஒரு அழுத்துக்கு ஒரு நாள் முன்னே ஓடும். பின்னே வராது. சாவி கொடுக்காமல் வைத்திருந்து, அந்த நாள் வந்ததும் ஓடவிட வேண்டும். எங்களைப் போன்ற கிறுக்குகளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அவள் சொன்னாள்: "அவர் ஆஸ்பத்திரியில இருக்கும்போது நின்னுபோச்சுக்கா. வீட்டுக்கு வர்றதுக்குள்ள சரி பண்ணி வைக்கலாம்னு நான்தான் ஊசியால அழுத்தினேன். அழுத்த அழுத்த எங்கியோ போயிடுச்சு. அவர் ஒரு வார்த்தை திட்டலை. 'சாவி குடுக்காம வை, அதுவே சரியாயிடும்'னாரு. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. திரும்பி வரவே இல்ல. அவரோட ஆசைப் பொருளை நான்தானக்கா கொன்னுட்டேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் "ம்" என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

பல் டாக்டர் வீட்டில் எங்கள் கடிகாரக் கூட்டம். லென்ஸைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவே இல்லை. "அம்மா, எங்க எல்லார் பல்லையும் ஒரே நாள்ல பிடுங்கிட்டீங்களே! ஊசிகூடப் போடலை!" எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாக இருந்தது.

"அந்தம்மா எதுவும் கேக்கலையா?" என்றார் டாக்டர். காபி ஆறிப்போச்சு என்று பேச்சை மாற்றினேன்.

மார்ச் 20

பேத்தி கேட்கிறாள்: "ஏன் பாட்டி, புதுசு வாங்கினா ஒரு வாரம் பக்கத்துல யாரையும் விடமாட்டீங்க, பேசியே கொன்னுடுவீங்க. இதை மட்டும் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டீங்க?" விலை கூடினது, அதனால் என்றேன். "பார்த்தா அப்படித் தெரியலையே, ஏதோ திருடிட்டு வந்த மாதிரில்ல இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

திருடவில்லை. கேட்டதைக் கொடுத்தேன்.

மார்ச் 27

அவள் வந்தாள். கடையைத் தேடிக்கொண்டு, வெயிலில். பித்தான் டப்பாக்களுக்கு நடுவில் நின்று, கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஊசியை எடுத்தாள். கடிகாரத்தோடு வந்த அசல் ஊசி. "இதாலதான் அழுத்தினேன். வீட்டுல வெச்சுக்கப் பிடிக்கலை. குப்பையில போடவும் கை வரலை. நீங்களே வெச்சுக்கங்கக்கா" என்றாள்.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அசல் ஊசியோடு இருந்தால் இன்னும் உசத்தி. அப்படித்தான் தோன்றியது. அவள் படி இறங்கிப் போன பிறகுதான் அவள் முகம் எனக்குத் தெரிந்தது.

சீ.

ஏப்ரல் 2

சாப்பாடு இறங்கவில்லை. வாயுத் தொல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

கூடுதலாகக் கொஞ்சம் பணம் அனுப்பிவிட்டால்? அனுப்பலாம். என் கை கழுவினாற்போல் ஆகிவிடுமா? விலை குறைவாகப் போனதற்கா அவள் அழுதாள்? அதில்லையே. அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் விற்றிருக்க மாட்டாள். அதுக்காகத்தான வாயை மூடிக்கிட்ட? ஒத்துக்கோ.

ஏப்ரல் 8

போனேன். கடிகாரத்தையும் ஊசியையும் அதே மேசையில் வைத்தேன்.

"இது உடையலைம்மா. நீங்க எதையும் கொல்லலை. தேதி முன்னால போயிடுச்சு, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில சாவி குடுங்க, ஓடும். உங்க வீட்டுக்காரர் சமாதானத்துக்குச் சொல்லலை. நிஜத்தைச் சொல்லியிருக்கார்."

அவள் கடிகாரத்தைத் தொடவில்லை. "இது எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

நேற்று என்று சொல்ல வாய் வந்தது. "அன்னைக்கே" என்றேன். "இங்க உக்காந்திருக்கும்போதே."

"நான் அழுதப்போ?"

"ஆமா."

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பிறகு, "கிளம்புங்க" என்றாள்.

ஏப்ரல் 9, புதன்

ஓடியதா என்று தெரியவில்லை. கேட்கும் தகுதியும் இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "திருப்பிக் குடுத்தீங்களா! அவங்க அதைத் துணி பீரோவுல போட்டு வெப்பாங்க அம்மா!" போடட்டும் என்றேன். இன்று யாரும் நாற்காலி போடவில்லை. நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மே 1, வியாழன்

காலையில் போன். குரலைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். அக்கா என்று கூப்பிடவில்லை.

"நேத்து முப்பதுன்னு இருந்துச்சு. இன்னைக்கு எழுந்து பார்த்தா ஒண்ணுன்னு காட்டுது. நடுவுல முப்பத்தொண்ணு வரலை. நான் எதையும் தொடலை." மூச்சு வாங்கியது அவளுக்கு.

"ஏப்ரலுக்கு முப்பதுதான்மா. அதுக்கே தெரியும். சரியாத்தான் ஓடுது."

"கேக்கறதுக்கு வேற யாரும் இல்ல. அதான் கூப்பிட்டேன்."

"சரிம்மா."

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"துடைக்கும்போது தெரியாம பொத்தான் மேல கை பட்டுட்டா?"

ஒன்றும் ஆகாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் ராத்திரியில் தேதி மாறுகிற நேரத்தில் அழுத்தினால் உள்ளே பல்லோடு பல் முட்டி உடையும். அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"ராத்திரி தேதி மாறுற நேரத்துல மட்டும் வேண்டாம். பகல்ல பட்டா ஒண்ணும் உடையாதும்மா. பயப்படாம தொடுங்க."