புல்லில் கட்டிய படகு

அக்காவுக்கு,

உன் படகு இன்னும் புல்லில்தான் கட்டிக் கிடக்கிறது. இந்தப் போத்னியாக் கரையில் தண்ணீர் விலக விலக எல்லாரும் படகுக் கொட்டகையை நகர்த்திக்கொண்டு போகிறார்கள். நீ மட்டும் ஆறு வருடமாக அசையவில்லை. எனக்கு எரிச்சலாக வருகிறது.

அம்மாவின் வலைக்காகச் சண்டை போட்டு, "நடுவுல இந்தக் கடல் இருக்கிற வரைக்கும் உன் வாசலை மிதிக்க மாட்டேன்டி" என்று நாற்பது வருடத்துக்கு முன்னால் சத்தியம் செய்தது நீதான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி ஸெல்மா மண்ணையே படித்தவள். போன வாரம் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கடல் இருந்த இடத்தில் குழாய் இறக்கி, சேறு, நீலக் களிமண், அடியில் பனி அரைத்த கற்கள் என்று எடுத்துக் காட்டினாள்.

"பாட்டி, மலை மாதிரி பனி அமுக்கி வச்ச நிலம் இது. பனி போயி பத்தாயிரம் வருஷமாச்சு, இன்னும் நிமிர்ந்துகிட்டே இருக்கு. இங்க இனிமே கடல் வராது."

"அவ்வளவு பிடிவாதமா? எங்க அக்காவையே மிஞ்சிடும் போல."

நீயே வரலாமே என்பாய். சத்தியம் செய்தது நானா?

ஞாயிற்றுக்கிழமை காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் இருக்கும். நடுவில் சேறு. பாதி தூரம் பலகை போட்டுவிட்டேன். மீதிக்கு என்னிடம் பலகை இல்லை. உன்னிடம் ஒரு மரப்படகு சும்மா கிடக்கிறது.

உன் தங்கை