நின்று விற்கும் வேலை

ஜூன் 3, செவ்வாய்
மறுபடியும் காணாக்கடி. கழுத்து, கையெல்லாம் சிவப்புத் தடிப்பு. கீழுதடு வேறு வீங்கிவிட்டது. புடவையை விரித்துக் காட்டும் கை இப்படி இருந்தால்? ஜவுளிக்கடை மேனேஜர் கலியபெருமாள் கூப்பிட்டார். "கஸ்டமரு பயப்படுவாங்க லினெட். சரியாவுற வரைக்கும் குடோன்ல இரும்மா."
இது என்ன ஒட்டுவாரொட்டி நோயா?

ஜூன் 4
இறால், கருவாடு, கத்திரிக்காய் இனி வீட்டுக்குள் வரக்கூடாதாம். மாமியார் உத்தரவு.

ஜூன் 11
ஒரு வாரமாகப் பத்தியம். நேற்று மறுபடி வந்துவிட்டது. அப்படி என்னதான் சாப்பிட்டேன்? ரசம் சோறு. கால்வலி மாத்திரை.
மாத்திரை!
கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டுப் போடுகிற அதே மாத்திரை. போன மாதம் பல்வலிக்கு வேறொன்று போட்ட அன்றும் வீங்கியதே — எனக்கு ஏன் அப்பவே உறைக்கல?

ஜூன் 12
மூலக்குளத்தில் டாக்டர் சுடர்விழியிடம் இந்த நோட்டையே காட்டினேன். தேதிகளைப் பார்த்துவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அந்த வகை வலி மாத்திரை, ஊசி எதுவும் எனக்கு ஆகாதாம். சீட்டில் எழுதிக் கொடுத்தார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்ட வேண்டுமாம். "வீட்ல மறுபடி மாத்திரய போட்டுப் பாத்துடாதீங்க. மூச்சு முட்டுச்சுன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. காலுக்கு ஓய்வு குடுங்க." மீன், இறால் சாப்பிடலாமாம்.

ஜூன் 15, ஞாயிறு
பெரிய மார்க்கெட்டில் அரைக்கிலோ இறால் வாங்கி வறுத்து, மாமியார் எதிரிலேயே சாப்பிட்டேன். ஒரு தடிப்பும் இல்லை. சாயங்காலம் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 16
மறுபடி கவுண்டரில். நான்கு மணிக்கு மேல் கால் விண்விண் என்றது. ஸ்டூல் கேட்டேன். "கஸ்டமரு நிக்கிறப்ப நீ உக்காரலாமா? எல்லாப் பொண்ணுங்களும் மாத்திரய போட்டுக்கிட்டுதான் நிக்குது" என்றார் மேனேஜர்.
எல்லாருமா? எனக்குத் தெரியாதே.

ஜூன் 17
வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போய், போட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்கச் சொன்னார். டாக்டர் சீட்டை நீட்டினேன்.
"வலிச்சா எனக்கு மாத்திர கெடயாது சார். உக்காந்துதான் விப்பேன். வேணாம்னா, ஏன்னு எழுதிக் குடுத்து அனுப்புங்க."
உட்கார்ந்தபடியே புடவையை மடித்தேன். எழுந்திருக்கவில்லை. அவர் படித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 23
காலையில் பக்கத்துக் கவுண்டர் சரிதாவும் ஒரு ஸ்டூலோடு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மேனேஜர் இரண்டு ஸ்டூலையும் பார்த்தார்.
"நடக்க வழி விட்டுப் போட்டுக்குங்க" என்றார்.