மலையில் இருப்பவள்

பிரியமுள்ள அத்தானுக்கு,

நேற்று போனில் நீங்கள், "அவ ரொம்ப மெலிஞ்சுட்டா, பாக்கவே பாவமா இருக்கு" என்றபோது எனக்குத் திக்கென்றது. மலையில் நீங்கள் அளந்துகொண்டிருக்கும் ஓடையைத்தான் சொல்கிறீர்கள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. காய்ச்சலில் நான் மெலிந்து கிடந்தபோது உங்கள் குரலில் இந்த இரக்கம் இல்லை.

முன்பு மாதக்கணக்கில் நிதானமாகப் பெய்த மழை இப்போது இரண்டே நாளில் கொட்டிவிடுகிறதாம். மண்ணுக்குள் இறங்க நேரமில்லாமல் ஓடிவிடுகிறதாம். அதனால்தான் கோடையில் அவளிடம் தண்ணீர் இல்லையாம். எல்லாம் கூட வேலை பார்க்கும் மஞ்சுஷா சொல்லித் தந்தது என்றீர்கள். இருவரும் கணுக்கால் தண்ணீரில் நின்று அளவுகோல் பிடிக்கும் போட்டோவைப் பார்த்தேன். அவள் சிரிப்பு நன்றாக இருக்கிறது. உங்கள் சிரிப்பும்தான். நம் கல்யாணப் போட்டோவில் நீங்கள் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஷபானா அதைப் பார்த்துவிட்டு, "இத்திரி கணுக்கால் தண்ணி அளக்க ரெண்டாளு வேணுமோ?" என்று கேட்டாள். சாயா ஆறுகிறது என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

ஓடை மெலிந்தால் ஆற்றுக்கு வேகம் குறையும், கடல் ஆற்றுக்குள் மேலேறி வந்துவிடும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் மட்டாஞ்சேரியில் நம் குழாயில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்ததும் முதல் வாய்க் கஞ்சியிலேயே, "உப்பு கூடிப்போச்சே" என்பீர்கள்.

நான் உப்பே போடுவதில்லை, அத்தான். இப்போது நம் அடுப்படியிலும் அவள் கைதான்.

இப்படிக்கு,
மட்டாஞ்சேரியில் இருப்பவள்