எட்டாவது மாடி வரை போகும் படுக்கையறை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேலையிலேயே மூழ்கிப் போகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் நம் பிள்ளைகளின் வெற்றிகளைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பேனா நகராது. உன் அக்கா மகன் நர்ஸ் படிப்பை நல்ல மார்க்கோடு முடித்துவிட்டான். ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்ட பயல், இனி ஊருக்கே ஊசி போடப் போகிறான். அவன் தங்கை நீளத் தாண்டுதலில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்த பெண்ணுக்குக் கால் மட்டுமே இவள் உயரம் இருக்கிறதாம், அதனால் என் கணக்கில் இவள்தான் முதல். உன் தம்பியின் கைக்குழந்தை எதையும் பிடிக்காமல் நிற்கிறது. நின்றதும் தனக்குத்தானே கை தட்டிக்கொள்கிறது, தட்டுகிற வேகத்தில் விழுந்துவிடுகிறது. நம் குடும்பத்து ரத்தம், வேறு எப்படி இருக்கும்?

உன் மகளை வேண்டுமென்றுதான் கடைசிக்கு வைத்தேன். அவளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, நீ உட்கார்ந்து படிக்க வேண்டும்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்ததை அவளே எனக்குப் படித்துக் காட்டினாள். என்ஜினீயர் படிப்பு படித்துவிட்டுப் பிள்ளைகள் அறைக்குப் பொம்மை வரைவது போதும், உன் சிநேகிதர் கம்பெனியில் நாற்காலி காத்திருக்கிறது, பல் டாக்டர் வீட்டு வேலையும் சொதப்பினால் பிள்ளைகளுக்கு அறை கட்டித் தரும் அந்தப் பட்டறையைப் பூட்டிவிட்டு அங்கே சேர வேண்டும் என்று எழுதியிருந்தாய். “போன வருஷத்துப் புலி மாதிரி ஆகக் கூடாது” என்றும் ஒரு வரி. அந்தப் புலியை நீ மறக்கவே மாட்டாயா? காட்டு அறை கேட்டார்கள், அவள் வரைந்த புலி அத்தனை தத்ரூபமாக இருந்ததால் அந்த வீட்டுப் பையன் வாசலிலேயே நின்றுவிட்டான். கடைசியில் புலியைப் பூனையாக மாற்றினாள். அது பழைய கதை.

படித்து முடித்து, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “அப்பா சொல்றது சரிதான் பாட்டி. இந்த ரூம்ல அந்தப் புள்ள தூங்கலைன்னா நானே பூட்டிடறேன்” என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உன்னைப் போலவே, உண்மையாகக் கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கிவிடும்.

பல் டாக்டரம்மாவுக்கு ஒரே பெண், ஆறு வயசு. வீட்டில் மொட்டு என்று கூப்பிடுகிறார்கள். அடுக்குமாடி வீட்டிலிருந்து இப்போதுதான் சொந்த வீட்டுக்குக் குடி வந்திருக்கிறார்கள். உன் மகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை தொடங்கும் முன் அந்தப் பிள்ளையையே உட்காரவைத்து, “உனக்கு எந்த மாதிரி ரூம் வேணும், வரைஞ்சு குடு” என்று கேட்பாள். மொட்டு வரைந்தது உயரமாக ஒரு பெட்டி. உள்ளே பக்கத்துக்கு நாலாக எட்டு வட்டம், மேலே ஒரு முக்கோணம். டாக்டரம்மா எட்டிப் பார்த்து, “அரமனை. வேற என்ன கேப்பா எம்பொண்ணு” என்றார்கள். உன் மகளும் பார்த்தாள். நாலு மாடி, மாடிக்கு இரண்டு ஜன்னல், மேலே கோபுரம். அரண்மனையேதான் என்று முடிவு செய்துவிட்டாள்.

அரண்மனை என்றால் அப்படி ஒரு அரண்மனை. சுவர் முழுக்கக் கற்கோட்டை, கட்டிலைச் சுற்றி நாலு கோபுரம், விரல் நசுங்காதபடி எல்லா மூலையையும் உப்புத்தாள் போட்டு உருட்டிவிட்டிருந்தாள். ரோஜா நிறத் திரையைச் சுருக்கு வைத்துத் தைத்தது நான். ஒப்படைத்த அன்றைக்கு டாக்டரம்மாவே அந்தக் கட்டிலில் உட்கார்ந்து, “எனக்கு ஒண்ணு கட்டிக் குடுங்க” என்றார்கள்.

மொட்டு மட்டும் அதில் படுக்கவில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு போய் மாடிப்படிக்குக் கீழே தரையில் படுத்துக்கொள்கிறாளாம். பயமா என்றால் இல்லை. பிடிக்கவில்லையா என்றால் அதற்கும் இல்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு டாக்டரம்மா கூப்பிட்டார்கள். “அழகுக்கு ஒண்ணும் கொறையில்ல. ஆனா நான் கட்டச் சொன்னது பொண்ணு தூங்கறதுக்கு. கழட்டி எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார்கள்.

கழற்றப் போன அன்று நானும் கூடப் போனேன். என் திரையை வேறு யாரும் கிழித்துவிடக் கூடாது இல்லையா? அவளோடு வேலை செய்யும் தச்சர் வழி முழுக்க, “ஒங்க பேத்தி கட்டின கோட்டையைப் பிடிக்க எந்த ராசாவும் படையோட வரல பாட்டியம்மா, ஒரு சின்னப் பொண்ணு தலகாணியோட வந்து பிடிச்சுட்டா” என்று கேலி செய்துகொண்டே வந்தார். உன் மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் ஸ்க்ரூ கழற்ற உட்கார்ந்தபோது மொட்டு உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கோபுரத்தில் வரைந்திருந்த வட்ட ஜன்னல் ஒன்றை விரலால் அழுத்தினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த ஜன்னலை அழுத்தினாள். மறுபடியும் நின்றாள். பெயிண்ட் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல என்று நான் நினைத்தேன். தச்சர் அதுகூட நினைக்கவில்லை. உன் மகள் மட்டும் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டாள்.

“எத்தனாவது மாடிக்குப் போகணும் மேடம்?” என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “எட்டு. ஆனா இது வேல செய்ய மாட்டேங்குது” என்றது.

அவள் வரைந்தது லிஃப்ட், மகனே. லிஃப்ட்டுக்குள்ளே இருக்கிற பொத்தான் பலகை. மேலே இருந்த முக்கோணம் கோபுரம் இல்லை, மேலே போகிறது என்று காட்டும் அம்புக்குறி. பழைய வீட்டில் எட்டாவது மாடியில் இருந்தார்களாம். லிஃப்ட்டில் ஏறுகிற எல்லோரிடமும் எந்த மாடி என்று கேட்டுப் பொத்தானை அழுத்துவது இவள் வேலையாம். யாரும் கொடுக்காத வேலை, இவளே எடுத்துக்கொண்டது. புது வீட்டில் லிஃப்ட்டும் இல்லை, ஏற ஆளும் இல்லை. அதனால்தான் மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கிறாள், மேலே போகிற வழி அங்கேதானே இருக்கிறது.

உன் மகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “என்ஜினீயர் கண்ணால பாத்துட்டேன் பாட்டி. நான் கட்டடத்துக்கு வெளிய நின்னு பாத்துட்டேன், அவ உள்ள நின்னுக்கிட்டிருக்கா” என்றாள்.

டாக்டரம்மா சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. “லிஃப்ட்டா? அவ கூடப் படிக்கிற பொண்ணுங்க ரூம்ல தேவதை பறக்குது. எம்பொண்ணு ரூம்ல லிஃப்ட்டா?” என்றார்கள். உன் மகள் அசையவில்லை. “இன்னொரு தடவ கட்றேன் டாக்டர். அதுலயும் அவ தூங்கலைன்னா நான் இந்த வேலையே செய்யப் போறதில்ல” என்று சொல்லிவிட்டாள். சரி, ஒரே ஒரு தடவை என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு அவள் செய்ததைக் கேள். நாலு கோபுரத்தையும் பிரித்து அதே பலகையில் கட்டிலைச் சுற்றி லிஃப்ட் அறை போல அடைத்தாள். முன்பக்கம் இரண்டு நகரும் கதவு. முழுசாக மூடாது, சின்ன விரல் மாட்டாதபடி கொஞ்சம் இடைவெளி விட்டே நிற்கும். தலைமாட்டில் எட்டு மரப் பொத்தான். அழுத்தினால் உள்ளே போய் மணி அடித்துவிட்டுத் திரும்பி வரும். கால்மாட்டில் ஒரு பெரிய ஜன்னல். அதற்குப் பின்னால் மேலே ஒரு உருளை, கீழே ஒரு உருளை, நடுவில் நீளமான துணி. கைப்பிடியைச் சுற்றினால் துணி நகர்ந்து ஒவ்வொரு மாடியாக வரும். முதல் மாடியில் சைக்கிள் கடை. இரண்டாவதில் பாட்டு வகுப்பு. மூன்றாவதில் யானை ஒன்று பல் டாக்டருக்காகக் காத்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் டாக்டரம்மா முதலில் சிரித்தார்கள். எட்டாவதில் மேகமும் மொட்டை மாடியும். அரண்மனைச் சுவரை அவளே நின்று வெள்ளையடித்து மறைத்தாள். ஒரு மாசம் வரைந்த சுவர், ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. எனக்குத்தான் என் ரோஜாத் திரையைப் பிரிக்கக் கை வரவில்லை.

மொட்டு உள்ளே ஏறினாள். எட்டாவது பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது. அவ்வளவுதான், அதன் பிறகு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. உன் மகள் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். “விளக்க அணைக்கப் போனா, லிஃப்ட் மேல போய்க்கிட்டிருக்கு, நடுவுல எறங்காதீங்கம்மாங்கிறா. நானும் வேற வழியில்லாம கூடவே படுத்தேன். எட்டாவது மாடி போறதுக்குள்ள தூங்கிட்டா. எங்க வீட்டுக்காரர் அஞ்சாவது மாடியிலயே தூங்கிட்டார்” என்றார்கள். உன் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பார்க்காதது போல வாசலைப் பெருக்கப் போய்விட்டேன்.

இப்போது அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று லிஃப்ட் ஏறுகிறார்கள். மொட்டு ஒவ்வொருவரையும் மாடி கேட்டுத்தான் விடுகிறாள். விஷயம் டாக்டரம்மா வேலை பார்க்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரி வரை போய், பெரிய டாக்டர் நேரில் வந்து பார்த்தார். அவரும் வரிசையில்தான் நின்றார். அங்கே பிள்ளைகள் காத்திருக்கும் கூடம் முழுவதையும் விளையாட்டு அறையாக மாற்றும் வேலை உன் மகள் கைக்கு வந்துவிட்டது. தச்சர் இரண்டு ஆள் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார். கேலியும் கூடியிருக்கிறது. ஆகவே உன் சிநேகிதரிடம் சொல்லிவிடு, அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்ளட்டும்.

இன்னொன்று. அந்தத் துணியில் ஏழாவது மாடியில் ஒரு ஆள் நிற்கிறார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கையில் பெட்டியோடு லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கிறார். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நீ வேலைக்காக ஊரைவிட்டுக் கிளம்பின அன்றைக்கு எடுத்த போட்டோவை வைத்து வரைந்திருக்கிறாள். மொட்டு அவளிடம், “இந்த மாமா ஏன் ஏறவே மாட்டேங்கிறாரு?” என்று கேட்டாள். அவள், “யோசிச்சுக்கிட்டிருக்காரு. ஏறிடுவாரு” என்றாள். அந்தக் குரல் இறங்கியிருக்கவில்லை, கேட்டுக்கொள்.

ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு இன்னும் பெரிய துணி வரையப் போகிறாள். அதிலும் அந்த ஆள் வருவார் என்று எனக்குத் தெரியும். உனக்கு இப்போது தலை நரைத்திருக்கும், மீசையும் அப்படியேவா இருக்கும்? ஆகையால் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி காகிதத்தில் வேண்டும். கறுப்புக் கண்ணாடி போடாதே. ஆபீஸுக்கு எடுக்கிற மாதிரி முறைக்காதே. இது நானாகக் கேட்பது, அவள் கேட்கவில்லை. உறையின் மேல் மட்டும் என் பெயரை எழுதாமல் அவள் பெயரை எழுது.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா