டைப்பிங் பார்த்த பள்ளிக்கூடம்

ஆனி 14, சனி.

எனக்கு எழுதத் தெரியாது. வழக்கம்போல் போனில் பேசி வைக்கிறேன்.

மருமகள் ஸ்டெல்லா திங்கட்கிழமை தாய்லாந்துக்குப் போகிறாள். இங்கிலீஷ் டீச்சர் வேலையாம். பெரம்பலூர் ஏஜென்ட் ஏற்பாடு. சாயங்காலம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

“ஏம்மா, உன்னைப் பாடம் நடத்திக் காட்டச் சொன்னாங்களா?”

“இல்ல மாமா. டைப்பிங்தான் பார்த்தாங்க. நல்ல வேகம்னு சொல்லிட்டாங்க.”

வரதராஜன்பேட்டையில் என் தங்கச்சிக்கு ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் வேலை கொடுக்கவே, பள்ளிக்கூடத்து மதர் அவளைப் பலகை முன்னால் நிறுத்தி அணிலைப் பற்றி நடத்தச் சொன்னார். முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தாள். உன் இங்கிலீஷை ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லையே என்றேன்.

“நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும் மாமா” என்று ஸ்டெல்லா சிரித்தாள். ஆனாலும் ஏஜென்டுக்குப் போன் போட்டு, அங்கே இருக்கும் டீச்சர் யாரிடமாவது பேசலாமா என்று கேட்டாள். பள்ளிக்கூடம் லீவு, திறக்க இரண்டு மாதம் ஆகும் என்றானாம்.

மீனைக் கழுவி முடித்தாள். பிறகு, “அப்ப திங்கக்கிழமையே எதுக்கு மாமா வரச்சொல்றான்?” என்றாள்.

போவாளா மாட்டாளா என்று நான் கேட்கவில்லை. குழம்பில் உப்பே இல்லை. சொல்லாமல் சாப்பிட்டேன்.