ரிசல்ட் வரட்டும், பேர் வைக்கலாம்

கருங்குழி
1.2.2026

அன்பு மகள் ஜெயப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், உன் அப்பாவின் பிடிவாதம் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளை ரமேஷும், நான் இன்னும் கையில் வாங்காத என் பேத்தியும் அந்தப் பாழாய்ப்போன குளிரில் நடுங்காமல் நன்றாக இருக்க வேதகிரீஸ்வரர் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் காலத்தில் யாரம்மா கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே. நான் போனை எடுத்தால் போதும், உன் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார். அவர் உன்னோடு பேசமாட்டாராம், ஆனால் நான் ஸ்பீக்கரில் போட வேண்டுமாம். அப்புறம் எதைத்தான் பேசுவது? அணுபுரத்துக் கீர்த்தனா புதன்கிழமை ஜெர்மனிக்குத் திரும்புகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள். அவளிடம் பிரசவ லேகியமும் பழைய பருத்திப் புடவையில் கிழித்த துணிகளும் கொடுத்தனுப்புகிறேன், துணிக்கு நடுவில் இதை வைத்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை நீ கூப்பிட்டு, பிறந்து ஒரு மாதத்துக்குள் அங்கே ஆபீசில் பாப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்தாக வேண்டும், பாதி நாள் போய்விட்டது என்று சொன்னதும் இவர் என்ன குதி குதித்தார் என்று உனக்கே தெரியும். எலெக்சன் வந்துகினு கீது, ரிசல்ட் வரட்டும், யாரு சி.எம்.மோ அவங்க பேரை வெச்சிக்கலாம், இன்னாத்துக்கு அவசரம், மூணு மாசம்தான கீது என்று கத்திவிட்டுப் போனை வைத்தவர்தான், ஆறு நாளாக உன் போனை எடுக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஒரு பெயரைப் பார்த்துவைத்துக்கொண்டு, அப்பா மனம் நொந்தால் பிள்ளைக்கு ஆகாது, அவர் சரி என்று சொல்லாமல் வைக்கமாட்டேன் என்று நீ என்னிடம் அழுகிறாய். அந்தப் பெயரை எனக்குக்கூடச் சொல்லவில்லை, கள்ளி. பச்சை உடம்புக்காரி அழக்கூடாதுடி, தலைவலி வரும்.

தன் மாமனார் வீடு என்ன வீடு என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை என்றாயே, இதை அவருக்குப் படித்துக் காட்டு. உன் தாத்தா எல்லப்பனுக்கு எந்தக் கட்சியும் கிடையாது, ஆள்கிற கட்சிதான் அவர் கட்சி. ஆள்றவங்க பேரை வெச்சா புள்ள ஆளா வருவான் என்பது அவர் கொள்கை. அதனால்தான் பெரிய பெரியப்பா காமராசு, அடுத்தவர் பக்தவத்சலம், மூன்றாமவர் அண்ணாதுரை. அரசாங்கம் மாற மாற நம் வீட்டில் தொட்டில் ஆடியிருக்கிறது. எப்படி ஆளானார்கள் என்றுதான் பார்க்கிறாயே. காமராசு பெரியப்பா ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போ போ என்று விரட்டுவார், அவர் மூன்றாம் வகுப்போடு சரி. பக்தவத்சலம் பெரியப்பா பிறந்த காலத்தில் ஊரே இந்தி வேண்டாம் என்று கொதித்ததாம், இவர் மாமல்லபுரத்தில் சங்கு கடை போட்டுக்கொண்டு, வடக்கத்திக்காரர்களிடம் இந்தியிலேயே பேரம் பேசுகிறார். அண்ணாதுரை பெரியப்பாவுக்கு மட்டும் பெயர் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது, மைக் கிடைத்தால் விடமாட்டார். காமராசு பெரியப்பாவின் மகள் ஜானகி எண்பத்தெட்டில் பிறந்தாளே, அவளுக்குப் பெயர் வைத்துப் பத்து நாளில் ஆட்சி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

உன் அப்பா கதைதான் பெரிய கதை. இவர் பிறந்தது எழுபத்தாறு ஜனவரிக் கடைசியில். பதினாறாம் நாள் கருணாநிதி என்று பெயர் வைப்பதாகத் தாத்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நாலே நாள், முப்பத்தொன்றாம் தேதி ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். கவர்னர் ஆட்சி. தாத்தா பேர் வைப்பதையே நிறுத்திவிட்டார். சி.எம். வரட்டும், அப்பால பாக்கலாம் என்றாராம். அந்த சி.எம். வர எழுபத்தேழு ஜூன் மாதம் ஆயிற்று. ஒன்றரை வருஷம், ஜெயா! பல் முளைத்து, நடந்து, ஆட்டுக்குட்டியைத் துரத்துகிற பிள்ளைக்கு ராமச்சந்திரன் என்று பெயர் வைத்தால் அது திரும்பியா பார்க்கும்? அதுவரை தம்பி தம்பி என்று கூப்பிட்டார்கள், ஐம்பது வயசிலும் வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாம் இவரைத் தம்பி அண்ணாத்த என்றுதான் கூப்பிடுகிறார்கள். உனக்கும் அன்றைக்கு ஆட்சியில் இருந்தவர் பெயரைத்தான் முழுசாக வைக்கப் பார்த்தார். நான்தான் சண்டை போட்டு, ஜெயா உங்களுக்கு, பிரியா எனக்கு என்று பாதிக்குப் பாதி பேசி முடித்தேன்.

இந்தத் தடவையும் பேசித்தான் பார்த்தேன். பெண் குழந்தையாயிற்றே, ஆம்பிளை ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்றேன். பின்னாடி ஒரு ஸ்ரீ போட்டுக்கலாம் என்கிறார். கூட்டணி ஆட்சி வந்தால்? ரெண்டு பேரையும் சேத்து வெச்சிடலாம் என்கிறார். யாருக்கும் மெஜாரிட்டி வராமல் மறுபடி கவர்னர் ஆட்சி வந்தால் என்று கேட்டேன் பார், வேனைத் துடைக்கப் போய்விட்டார். ஆனாலும் இறங்கி வரவில்லை. அவர் அப்பாவின் வாக்கை மீறக்கூடாதாம்.

நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, என்னிடம்கூடச் சொல்லாமல் திருக்கழுக்குன்றம் போயிருக்கிறார், பேத்திக்கு அர்ச்சனை செய்ய. தேங்காய் பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டிருக்கிறார். நட்சத்திரம் சொல்லிவிட்டு இவர் விழித்திருக்கிறார். பெயர் சொல்லுங்கோ என்று மறுபடி கேட்டாராம். இன்னும் வெக்கலை சாமி என்றாராம். பின்னால் நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்களாம். சரி, சுவாமி பேருக்கே பண்ணிடலாம் என்று குருக்கள் செய்துகொடுத்துவிட்டார். பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்தவர் சாப்பாடு வேண்டாம் என்றார். ஆயிரம் பேரோட ஒருத்தியா பேரில்லாம என் பேத்தியும் நின்னுட்டாடி என்றார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, ஒரு பக்கம் நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

சாயந்திரம் காமராசு பெரியப்பா வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அப்புறம், நம்ம அம்மா உன்னைத் தூக்கிகினு அதே மலைக்கு எத்தினி தபா போயிருக்கு தெரியுமாடா என்று கேட்டார். உன் பாட்டிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அர்ச்சனைதானாம், ஒன்றரை வருஷமும் சுவாமி பேருக்கேதான் செய்தாளாம். திரும்பி இறங்கும்போது படியில் உட்கார்ந்து, எம்புள்ள பேரைச் சொல்ல எனக்கு வாயில்லையே என்று அழுவாளாம். பதினேழு வயசு காமராசு பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். நைனாகிட்ட சொல்ல எங்க யாருக்கும் தைரியம் இல்ல, உனக்கும் இத்தினி நாளா சொல்லல என்றார். உன் அப்பா அண்ணனையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் அம்மா அழுதது இவருக்குத் தெரியவே தெரியாது, பாவம்.

எனக்கும் அப்போது வாய் சும்மா இருக்கவில்லை. உங்களுக்காவது முதலமைச்சர் வரட்டும் என்று ஒன்றரை வருஷம் காத்திருந்தார்கள், எனக்கு யாரும் ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை என்றேன். எங்கள் வீட்டில் நான் நாலாவது பெண். தொப்புள்கொடி காயும் முன்னே, இனிப் பெண்ணே வேண்டாம் என்று வேண்டா என்று வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கூப்பிட்டால் பிள்ளைகள் சிரிக்கும், நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன். இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். உன் அப்பா சிரிக்கவில்லை. உனக்கு இன்னா பேரு வெச்சிருந்தா புடிச்சிருக்கும் என்று கேட்டார். இருபத்தைந்து வருஷத்தில் இந்த மனிதர் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. எனக்கு ஒரு பெயரும் தோன்றவில்லை ஜெயா, யோசித்ததே இல்லையே. அழுகைதான் வந்தது. பெரியப்பா எழுந்து மெல்ல வெளியே போய்விட்டார்.

அதனால் நீ ஆபீசுக்குப் போ, உங்களுக்குப் பிடித்த பெயரை எழுதிக் கொடு. யார் ஜெயித்தாலும் தோற்றாலும் நம் குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்று மட்டும் செய், எழுதிக் கொடுக்கிறதற்கு முன்னால் பாப்பா காதில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொல்லு, அத்தை இல்லாவிட்டால் மாப்பிள்ளையே சொல்லட்டும், தப்பில்லை. லேகியத்தைக் காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு சாப்பிடு, கசக்கிறது என்று குப்பையில் போடாதே, எனக்குத் தெரிந்துவிடும். காதில் பஞ்சு வைத்துக்கொள். பாப்பா உச்சியில் துணி போட்டு மூடு. உங்கள் மூன்று பேருக்கும் எந்தக் குறையும் வராமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இன்னொன்று. இன்று காலை உன் அப்பா வேனை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற தர்மராஜ் கடைக்குப் போய் வந்தார். வந்து, உன் பொண்ணு பாத்து வெச்சிகீற பேர்ல எத்தினி எழுத்துன்னு கேட்டுச் சொல்லு, வேன் கண்ணாடியில அவ பேருக்குக் கீழ எடம் வுட்டு வெச்சிகீறேன் என்றார். நீங்களே கேளுங்கள் என்றேன். எப்படிக் கேக்கறது, ஆறு நாளா போனை எடுக்கலையே என்று நிற்கிறார். நீயே கூப்பிடு, இந்தத் தடவை எடுப்பார், நான் பொறுப்பு. பேர் நீளமாக இருந்தாலும் பரவாயில்லையாம், கண்ணாடி பெரியதுதானாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேண்டா