ஊக்கு குத்திய இடம்

மார்ச் 9

தம்பியின் நெஞ்சுக்குழாயை நான் இழுக்கவில்லை. அவன் மனைவி சொந்தக்காரர்களிடமெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருப்பது தவறு.

ஏணியிலிருந்து விழுந்ததில் அவனுக்கு விலா ஒடிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டது. ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன்; டாக்டர் வழியிலேயே மார்பில் குழாய் போட்டார். ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் பிடித்திருந்தது அவன் கையை.

"இந்தம்மா பதட்டத்துல இழுத்துட்டாங்க" என்று முதலில் சொன்னவர் ஆம்புலன்ஸ் உதவியாளர். யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு ஏன் பதில்?

மார்ச் 10

வேறு குழாய் போட்டிருக்கிறார்கள். மூச்சு இன்னும் சீராகவில்லை. தம்பி மனைவி என்னைக் கட்டிலருகில் விடவில்லை.

"நீங்க அந்தப் பக்கமா உக்காருங்க அண்ணி. ஒரு தடவை பட்டது போதும்."

"என் கையில என்ன கொடுக்கா இருக்கு?"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

முந்தானை மாட்டியிருக்குமோ? இல்லை, இடுப்பில் செருகியிருந்தேன். செருகியிருந்தேனா?

மார்ச் 13

நினைவு வந்துவிட்டது. டாக்டர் குழாயைத் தோலோடு தைத்து முடிச்சுப் போட்டார். கான்வென்டில் தையல் படித்தவள் நான். முடிச்சு சரியான முடிச்சு. பிறகு உதவியாளர், குழாய் ஆடாமலிருக்க அதைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, பிளாஸ்திரியை ஊக்கால் குத்தினார். எதில்? ஸ்ட்ரெச்சர் விரிப்பில். தம்பியைத்தானே தூக்கினார்கள்? விரிப்பு ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தது. எந்தத் தையல் தாங்கும்?

தம்பி மனைவியிடம் சொன்னேன். "யார் தலையிலயாவது கட்டணும்ல" என்றாள்.

மார்ச் 16

ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அந்த உதவியாளருக்கு டீ ஞாபகம் வந்துவிட்டது. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"நெஞ்சுக்குழாயை எதுலம்மா ஊக்கு குத்துவீங்க?"

"இப்ப ஊக்கே கிடையாதுங்கம்மா. நோயாளி உடம்போடயே ஒட்டிடுவோம். கட்டில் மாத்துறப்போ ஒருத்தர் குழாயை மட்டும் பிடிச்சுக்கணும்."

"எப்பலேருந்து?"

"போன வாரத்துலேருந்து. மேலேருந்து சொன்னாங்க."

"ஏன்னு சொன்னாங்களா?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச் 18

குழாயை எடுத்துவிட்டார்கள். தம்பி எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று குறை சொன்னான். அந்தப் பெண் சொன்னதை அவன் மனைவியிடம் அப்படியே சொன்னேன். அவள் கட்டிலருகே கிடந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். காலால்.

ஆம்புலன்ஸ் மேலாளருக்கு இன்று எழுதி அனுப்பியது:

"என் தம்பியை ஏற்றிவந்த அதே வாரத்தில் குழாயை விரிப்பில் ஊக்கு குத்தும் வழக்கத்தை நிறுத்தியிருக்கிறீர்கள். ஏன் நிறுத்தினீர்கள்? போன் செய்ய வேண்டாம். எழுத்தில் பதில் அனுப்பவும்."